சித்தி வேறு, பெரியம்மா வேறு

அன்னத்தின் விசா ஆண்டின் கடைசி நாளோடு முடிகிறது. அதற்குள் தலைநகர் வெலிங்டனில், நாடாளுமன்றத்தில், ஒரு மசோதா சட்டமாக வேண்டும். அந்த டிசம்பரில் குணவதியின் வீட்டில் இதைத் தவிர வேறு பேச்சு இருக்கவில்லை.

அன்னத்தின் கணவன் சுந்தரம் ஆக்லாந்து நகரின் மனுரேவாப் பகுதியில் ஒரு கிடங்கில் வேலை பார்த்தவன். சரக்கு அடுக்கிய இரும்புத் தட்டு சரிந்து விழுந்ததில் அவன் இறந்தான். நிரந்தர வசிப்புரிமைக்கான விண்ணப்பம் அவன் பெயரில் இருந்தது; விண்ணப்பித்தவர் இறந்தால் விண்ணப்பமும் இறந்துவிடும் என்பது நாட்டின் சட்டம். அன்னமும் மகள் மஹதியும் ஒரே நாளில் யாருக்கும் உரியவர்கள் அல்லாதவர்கள் ஆயினர். இதை மாற்றத்தான் மசோதா வந்தது. இறந்தவரின் மனைவியோ கணவரோ பிள்ளைகளோ அந்த விண்ணப்பத்தைத் தொடரலாம் என்று அது சொன்னது. நிபந்தனை ஒன்றுதான்: சட்டம் நடைமுறைக்கு வரும் நாளில் அவர்கள் செல்லுபடியாகும் விசாவோடு நாட்டுக்குள் இருக்க வேண்டும்.

மசோதாவை எதிர்த்தவர்களிடம் அதைத் தோற்கடிக்கப் போதிய வாக்கு இல்லை. ஆகவே இழுத்தடிப்பது என்று முடிவு செய்தார்கள். அரசும் விட்டுக்கொடுக்கவில்லை. மசோதா நிறைவேறும்வரை அவைக்குப் பண்டிகை விடுமுறை கிடையாது என்று அமைச்சர் அறிவித்தார். செய்தியைக் கேட்ட குணவதி, "உழைக்கட்டும். சம்பளம் வாங்குகினமெல்லோ," என்று சொல்லிவிட்டுத் தொலைக்காட்சியின் ஒலியைக் கூட்டினார்.

குணவதி பருத்தித்துறையில் பிறந்தவர். ஆக்லாந்தில் ஒரு நீதிமன்றப் பதிவகத்தில் கால் நூற்றாண்டு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தவறாக நிரப்பிய மனுவை வழக்கறிஞர் முகத்துக்கு நேரே திருப்பிக் கொடுப்பவர் என்று பெயர் எடுத்திருந்தார். பிளாக்ஹவுஸ் பேயில் இருந்த அவருடைய வீட்டின் கீழ்த்தளத்துக்கு, ஏவன்டேலில் வாடகை கட்ட முடியாமல் போன அன்னம் குடிவந்தாள். வந்த முதல் நாள் "ஆன்ட்டி" என்று கூப்பிட்டாள். இந்த ஊரில் அம்மாவின் தங்கை முதல் பேருந்தில் பக்கத்து இருக்கையில் இருப்பவள் வரை எல்லாரும் ஆன்ட்டிதான். அந்தச் சொல் குணவதிக்கு அறவே ஆகாது. உன் தாயைவிட நான் மூத்தவள், பெரியம்மா என்று கூப்பிடு என்றார். அன்னம் அப்படியே கூப்பிட்டாள். மஹதியும் அப்படியே கூப்பிட்டாள். மற்றதெல்லாம் ஆங்கிலத்தில் பேசும் அந்தப் பிள்ளை, அந்த ஒரு சொல்லை மட்டும் திருத்தமாகச் சொல்லும்.

மசோதா நாடாளுமன்றக் குழுவின் ஆய்வில் இருந்தபோது, ஆண்டின் நடுவில் வரும் குளிர்காலத்தில், பொதுமக்களின் கருத்தைக் கேட்டிருந்தார்கள். மசோதாவை ஆதரித்த ஓர் உறுப்பினரின் அலுவலகத்தில் விதுஷன் என்ற இளைஞன் வேலை பார்த்தான். அவன் தமிழ் மன்றத்துக்கு வந்து, எழுத வல்லவர் குணவதிதான் என்று கண்டு, அவரிடம் பணிவாகச் சொன்னான்:

"ஒரு பக்கம் காணும் அன்ரி. நாங்கள் ஆதரிக்கிறம், கெதியா நிறைவேத்துங்கோ எண்டு மட்டும் எழுதுங்கோ."

எழுதுவதற்கு முன் மன்றத்தின் ஒப்புதல் வேண்டும் என்று குணவதி கூட்டம் கூட்டினார். முறை என்று ஒன்று உண்டல்லவா? ஞாயிறு சந்தையில் வாங்கிய கீரைக் கட்டுகளோடு எல்லாரும் வந்து உட்கார்ந்தார்கள். மசோதாவை வாசித்தார்கள். மனைவி, கணவர், பிள்ளைகள் என்ற வரியில் கூட்டம் நின்றுவிட்டது. இவ்வளவுதானா குடும்பம் என்று முதலில் கேட்டவர் சுந்தரசாமி. பிஜியிலிருந்து வந்த குழாய்ப் பணிக்காரர். நான்கு தலைமுறைக்குப் பிறகு அவரிடம் எஞ்சியிருந்த தமிழ், கோவில் பாட்டும் உறவுச் சொற்களும்தான். தன்னை வளர்த்தது பெரியம்மா, அவள் இதில் எங்கே என்றார். கணினித் துறையில் இருந்த வசீகரன், தனக்கு எல்லாம் அத்தைதான் என்றான். ஒருத்தி மாமனாரை நினைவூட்டினாள். இன்னொருத்தி, தாயில்லாத தன் தங்கை மகளை யார் கணக்கில் வைப்பது என்று கண் கலங்கினாள். ஒருவர் சொன்னதை எழுதி மற்றவர் சொன்னதை விட்டால் மனத்தாங்கல் வரும். நம் சபைகளில் மனத்தாங்கலை விடப் பெரிய குற்றம் எது?

எல்லாவற்றையும் சேர்த்து "நெருங்கிய உறவினர்" என்று எழுதிவிடலாமே என்றான் வசீகரன். குணவதி ஒப்பவில்லை. ஆங்கிலத்தில் ஆன்ட் என்று ஒரே சொல்லில் அள்ளிப் போட்டால், நாளைக்கு ஓர் அதிகாரி அதைத் தனக்கு வேண்டியபடி வாசிப்பான். சித்தி வேறு, பெரியம்மா வேறு, அத்தை வேறு, மாமி வேறு. கடமையும் உரிமையும் வேறு வேறு. ஆகவே ஒவ்வோர் உறவுக்கும் தனித் திருத்தம் எழுதினார். ஒவ்வொன்றின் கீழும், இந்த உறவு அந்த உறவு அன்று என்பதற்கு விளக்கமும் கொடுத்தார். மூன்று வாரம் உட்கார்ந்து எழுதிய அந்தக் கருத்துரையில் ஒரு பிழை இல்லை. விதுஷன் அதன் கனத்தைக் கையில் வாங்கிப் பார்த்தான். நன்றி கூறிப் போனான். குழு அவற்றில் எதையும் ஏற்கவில்லை. வழக்கப்படி எல்லாவற்றையும் இணையத்தில் வெளியிட்டுவிட்டது.

கிறிஸ்துமஸுக்கு முந்திய வாரம் அவை மசோதாவை வரிவரியாக எடுத்தது. அன்னத்தையும் மஹதியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு குணவதி தொலைக்காட்சியில் பார்த்தார். எதிர்த்தரப்பில், தெற்குத் தீவைச் சேர்ந்த உயரமான உறுப்பினர் ஒருவர் கையில் தடித்த கட்டுடன் எழுந்தார். தம் கட்சி சில திருத்தங்களை முன்வைக்கிறது என்று இனிமையாகச் சொன்னார். அவற்றில் முதலாவதை வாசித்தார்: பிள்ளைகள் என்பதன் பின், தாயின் தமக்கை, அதாவது "பெர்ரி யம்மா", என்று சேர்க்க வேண்டும்.

அவர் சொன்ன விதத்தைக் கேட்டு அன்னம் சிரித்தாள். கணவன் போன பிறகு அவள் வாய்விட்டுச் சிரித்ததைக் குணவதி கண்டதில்லை. அந்த ஆளுக்குப் பெரியம்மாவைத் தெரியுமா என்று மஹதி ஆங்கிலத்தில் கேட்டாள். வாசிக்கப்பட்ட வாக்கியம் தம்முடையது என்பதைக் குணவதி கண்டுகொண்டிருந்தார்.

முதல் திருத்தத்தின் மேல் ஒருவர் பின் ஒருவராகப் பேசினார்கள். வாக்கெடுத்தார்கள், தோற்றது. இரண்டாவதாகத் தாயின் தங்கை வந்தாள். பேசினார்கள், வாக்கெடுத்தார்கள், அவளும் தோற்றாள். மூன்றாவதாகத் தந்தையின் சகோதரி எழுந்தபோது அவைத் தலைவர் குறுக்கிட்டார். இவையெல்லாம் ஒரே பொருளுடையவை. ஒரே வாக்கெடுப்பில் தள்ளிவிடலாம் என்று தமக்குத் தோன்றுவதாகச் சொன்னார். அன்னம் மடியிலிருந்த கையை இறுக்கிக்கொண்டாள். தள்ளியிருந்தால் அன்று மாலையே மசோதா நிறைவேறியிருக்கும்.

உயரமானவர் தலைவரை வணங்கினார். இவை வேறு வேறு என்பது தம் கருத்தன்று என்றார். மசோதாவை ஆதரிப்பவரும் நீதிமன்றப் பதிவகத்தில் நீண்ட காலம் பணியாற்றியவருமான ஒரு பெண்மணி அதை ஐயத்துக்கு இடமின்றி நிறுவியிருக்கிறார் என்று சொல்லி, குணவதியின் பெயரைக் கூறி, விளக்கங்களைப் படித்தார். தலைவர் அவற்றை வாங்கி, கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு வாசித்தார். மிகத் தெளிவாக எழுதப்பட்டிருக்கிறது என்று பாராட்டினார். ஒவ்வொன்றையும் தனியாக எடுப்பதைத் தவிர வேறு வழியில்லை என்று தீர்ப்புச் சொன்னார்.

அன்னம் திரும்பிப் பார்த்தாள். "பேரு சொன்னாங்களே பெரியம்மா. உங்க பேரு தானே?"

"ஓம்," என்றார் குணவதி.

அவர் விதுஷனைத் தொலைபேசியில் அழைத்தார்.

"தம்பி, நான் எழுதினதை நான் திரும்ப எடுக்கேலாதோ?"

"ஏலாது அன்ரி. அது இப்ப பாராளுமன்றத்தின்ர. ரெக்கோர்டில ஏறிட்டுது."

"நான் ஆதரிச்செல்லோ எழுதினனான்."

"எதிர்க்கிற ஆக்களும் அதைத்தான் சொல்லுகினம். ஆதரிக்கிற ஆளே கேட்டதை நாங்கள் என்னெண்டு விடுறது எண்டு கேக்கினம்." பிறகு அவன் சொன்னான்: "நான் ஒரு பக்கம் காணும் எண்டு சொன்னனான் அன்ரி."

குணவதி ஓய்ந்து இருக்கவில்லை. தம் திருத்தங்களைக் காலதாமதத்துக்குப் பயன்படுத்த வேண்டாம் என்றும், அவற்றில் ஒன்றுகூட இப்போது தமக்கு வேண்டாம் என்றும் அமைச்சருக்கு மின்னஞ்சல் எழுதினார். மறுநாள் அமைச்சர் அதை அவையில் உருக்கமாக வாசித்தார். உடனே எதிர்த்தரப்பார் ஒவ்வொருவராக எழுந்து, அந்தப் பெண்மணியின் மனவேதனையைத் தாம் எவ்வளவு மதிக்கிறோம் என்று பேசினார்கள். முற்பகல் முழுவதும் அவரை மதித்தார்கள். நெருப்பை அணைக்க ஊற்றியது நெய்யாகிப் போனது.

கிறிஸ்துமஸ் அன்று மட்டும் அவை ஓய்ந்தது. மறுநாளே மீண்டும் கூடியது. ரயில் பாதையில் பழுது பார்ப்பதற்காக ரயில்கள் நின்றிருந்தன. தெரு முழுவதும் கடற்கரைக்குப் போய்விட்டது போல் வெறிச்சோடிக் கிடந்தது. விதுஷன் அன்னத்துக்காக விசா அலுவலகத்துக்கு எழுதிய சிறப்பு வேண்டுகோளுக்கு ஒரு தானியங்கிப் பதில் வந்தது: விடுமுறைக்குப் பின் அலுவலகம் திறந்ததும் கவனிக்கப்படும். சட்டம் இயற்றுகிறவர்கள் பண்டிகை பாராமல் உழைத்துக்கொண்டிருந்தார்கள். சட்டத்தை நடத்துகிறவர்கள் கோடை விடுமுறைக்குக் கடற்கரையில் கூடாரம் அடிக்கப் போயிருந்தார்கள்.

மாமியார் தோற்றாள். மாமனார் தோற்றார். தங்கை மகள் மேல் ஒரு நாள் போயிற்று. சுந்தரசாமி தொலைபேசியில் அழைத்து, தன் பெரியம்மாவைப் பற்றி இவ்வளவு பேர் பேசுவார்கள் என்று எதிர்பார்க்கவில்லை என்று பெருமையாகச் சொன்னார். அவருக்கு என்ன நடக்கிறது என்று விளங்கவில்லை. விளக்கிச் சொல்லக் குணவதிக்கு மனம் வரவில்லை.

ஆண்டின் கடைசி நாள் நண்பகலுக்குச் சற்று முன் அமைச்சர் எழுந்தார். இன்னும் பல திருத்தங்கள் மிச்சம் இருக்கின்றன. உறுப்பினர்களுக்கும் ஊழியர்களுக்கும் குடும்பங்கள் உண்டு. ஆகவே அவை பிப்ரவரி வரை ஒத்திவைக்கப்படுகிறது என்றார். குரலில் உண்மையான களைப்பு இருந்தது. உயரமானவர் அவையின் நடுவெளியைக் கடந்து வந்து அவருக்குக் கை கொடுத்தார். இருவரும் ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். புத்தாண்டு வாழ்த்தாக இருக்கலாம். பிறகு திரையில் வெறும் நாற்காலிகள் தெரிந்தன.

அன்னம் எழுந்து கீழே போனாள். குணவதி வெகுநேரம் கழித்துப் பின்தொடர்ந்தார். அவள் மஹதியின் பள்ளிச் சீருடையை மடித்துக்கொண்டிருந்தாள். அதை ஊருக்குக் கொண்டுபோய் என்ன செய்வது என்ற யோசனை அவள் கையில் தெரிந்தது. மடித்ததைப் பிரித்து, மீண்டும் மடித்தாள்.

குணவதி நின்றபடியே, தாம் நல்லதற்குத்தான் எழுதியதாகவும் எவரும் விடுபடக்கூடாது என்று எண்ணியதாகவும் சொன்னார். சொல்லச் சொல்ல, பதிவக மேசைக்கு முன் நின்று சாக்குச் சொன்ன எத்தனையோ பேரின் குரல் தமக்கு வந்துவிட்டதை அவரே கேட்டார்.

அன்னம் நிமிரவில்லை. கோபமும் காட்டவில்லை.

"நான் அவரு பொண்டாட்டி," என்றாள். "பொண்டாட்டின்னு அதுல முதல்லயே இருந்துச்சுல்ல?"

இருந்தது. குணவதி திருத்தத் தொடங்குவதற்கு முன்பே, முதல் வரியின் முதல் சொல்லாக அது இருந்தது.

ஜனவரியில் அவர்கள் போனார்கள். விமான நிலையத்துக்குக் குணவதிதான் காரில் கொண்டுபோய் விட்டார். பெட்டிகளின் எடை சரியாக இருந்தது. வீட்டிலேயே நிறுத்துப் பார்த்திருந்தார். உள்ளே போகும் வாயிலில் அன்னம் கைகூப்பினாள். "வரோம் ஆன்ட்டி," என்றாள். குணவதி அவளைத் திருத்தவில்லை.

பிப்ரவரியில் மசோதா ஒரே பிற்பகலில் நிறைவேறியது. இனிப் பயனில்லை என்று எதிர்த்தரப்பு கண்டுவிட்டது போலும். எஞ்சிய திருத்தங்கள் அனைத்தையும் திரும்பப் பெறுவதாக உயரமானவர் ஒரே வாக்கியத்தில் சொல்லி உட்கார்ந்தார். சட்டம் வந்தபடியே வெளியே போனது: மனைவி, கணவர், பிள்ளைகள். ஒரு சொல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

இதை அன்னம் பிறர் சொல்லி அறியக்கூடாது என்று குணவதி நினைத்தார். அன்னத்தின் ஊரான திருவாரூருக்குத் தொலைபேசி செய்தார். மணி பலமுறை அடித்தது. எடுத்தது மஹதி. குணவதி வழக்கம்போல் ஆங்கிலத்தில் நலம் கேட்டார். பிள்ளை தொலைபேசியை விலக்கிப் பிடித்துக்கொண்டு, அந்தக் கொஞ்ச நாளிலேயே ஊர்க்காரக் குரலாகிவிட்ட குரலில், உள்ளே பார்த்துக் கூப்பிடுவது கேட்டது.

"அம்மா, ஆன்ட்டி பேசுறாங்க."

யாரும் வந்து வாங்கவில்லை. குணவதி காத்திருந்தார்.