முப்பத்தொரு துண்டு முருங்கை

தேஹு ரோட்டில் எங்கள் லைனில், ஒரே வரிசையாக நிற்கும் வீடுகளில், மரம் கழிப்பது மழைக்கு முந்தைய ஒரு வியாழக்கிழமையில்தான். பராமரிப்பு வேலைக்காக அன்று காலை ஒன்பது மணிக்கு நிறுத்தும் கரண்டை மாலை ஆறு மணிக்குத்தான் விடுவார்கள். கம்பிமேல் சாய்ந்த கிளைகளை அதற்குள் இறக்கிவிட வேண்டும். பதினான்கு வருடமாக இந்த வேலைக்கு ஒரே ஆளைத்தான் கூப்பிட்டார்கள்: லூர்துசாமியை. அதாவது என்னை.

இந்த வருடம் எதிர்வீட்டு டேனியல் ஒரு பேட்டரி ரம்பம் வாங்கிவிட்டான். ராணுவ டெப்போவில் என்னோடு ஒரே பிரிவில் இருந்து, ஒரே மாதத்தில் ரிட்டயர் ஆனவன். ரம்பம் ஒரு முழம்கூட இல்லை. சின்னச் சங்கிலி, ஒரே ஒரு பேட்டரி. புதன்கிழமை அதை ஒற்றைக் கையில் தூக்கிக்கொண்டு லைன் முழுக்க நடந்தான்.

"ஏக்தம் ஹல்கா, காத்து மாதிரி லேசு, பாரு லூர்து! உன் கைரம்பத்தை இனிமே பேரீச்சம்பழத்துக்குப் போட்டுடு."

சிரித்துவைத்தேன். வீட்டுக்குள் போய் என் ரம்பத்துக்கு எண்ணெய் போட்டேன்.

கடைசி வீட்டு அமலா, வேப்பமரம் கழிக்க வருடாவருடம் என்னைக் கூப்பிட வருகிறவள், அன்று என் வாசலைத் தாண்டி அவன் வாசலுக்குப் போனாள். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். என் மனைவி பவுன் செய்ததைத்தான் பொறுக்க முடியவில்லை.

"டேனியல் அண்ணே, நாளைக்கு முதல்ல நம்ம முருங்கையை முடிச்சிடுங்க. இவரு ஏணியில ஏறினா எனக்குப் படபடன்னு வருது."

வியாழன் ஒன்பதே காலுக்கு வந்தான். ஏணியில் ஏறி, பெரிய கிளையின் மேல்பக்கத்தில் ரம்பத்தை வைத்தான். முருங்கை மெத்தென்ற மரம். அடியில் ஒரு வெட்டுப் போடாமல் மேலிருந்தே அறுத்தால், கிளை பாதியில் முறிந்து பட்டையையும் உரித்துக்கொண்டு வந்துவிடும். கிழியட்டும், லைனே பார்க்கட்டும் என்றுதான் மனம் சொன்னது. ஆனால் மரம் என்னுடையது.

"யோவ், நிறுத்து! முதல்ல அடியில கால்வாசி அறு. அப்புறம் ரெண்டு விரல் நுனிப்பக்கமாத் தள்ளி மேல வை."

அப்படியே செய்தான். கிளை சுத்தமாக விழுந்தது.

"மெஷின்னா மெஷின்தான்!" என்றாள் பவுன். வேடிக்கை பார்க்க வந்த அமலாவும் தலையாட்டினாள். இரண்டு பேரும் என் பக்கம் திரும்பவே இல்லை.

டேனியல் இறங்கி வந்து, பவுன் கொடுத்த டீயோடு நாற்காலியில் சாய்ந்தான்.

"குடு, நானும் ஒரு கை பார்க்கிறேன்" என்றேன்.

உண்மையைச் சொல்ல வேண்டும். அருமையான சாமான். விசையை அழுத்தியதும் கைக்குள் பூனைபோல உறுமியது. அதுதான் எனக்கு இன்னும் எரிந்தது. பேட்டரியில் நான்கு விளக்குகளில் மூன்று எரிந்தன. ஆறு மணிவரை கரண்ட் கிடையாது. அமலாவின் வேம்பு இன்னும் பாக்கி.

விழுந்த கிளையை ஒரு சாண் அளவில் துண்டு போடத் தொடங்கினேன்.

"பழகிக்க, பழகிக்க" என்றான் டேனியல், டீயை ஊதியபடி.

மூன்று விளக்கு இரண்டானது. இரண்டு ஒன்றானது. முப்பத்தொரு துண்டு முடிந்து அடுத்ததன் பாதியில் சங்கிலி நின்றது.

அமலா வீட்டு வாசலில் டேனியல் விசையை நாலைந்து தடவை அழுத்திப் பார்த்தான். "சார்ஜ் போடணும்மா. சாயங்காலம் வந்து முடிச்சிடறேன்."

"சாயங்காலம் கம்பியில கரண்ட் வந்துடுமே" என்றேன், மெதுவாக.

அமலா கிளையைப் பார்த்தாள், வானத்தைப் பார்த்தாள், கடைசியில் என்னைப் பார்த்தாள். "லூர்து அண்ணே, உங்க ரம்பம் இருக்குதா?"

"எண்ணெய் போட்டுத்தான் வச்சிருக்கேன்."

கயிறு கட்டி, ஒவ்வொரு கிளையாக அறுத்து இறக்கினேன். நாலரை ஆனது. கீழே கயிறு பிடித்தவன் டேனியல். "பார்த்துய்யா, விழுந்து தொலைக்காதே!" என்று அவன் கத்தியது லைன் முழுக்கக் கேட்டிருக்கும். காதுக்கு இதமாக இருந்தது.

வீட்டுக்கு வந்தபோது வலது கை தோளுக்கு மேல் எழும்பவில்லை. பவுன் தைலம் தேய்த்தாள். அவள் பார்வை வாசலில் கிடந்த குவியல்மேல் போயிற்று.

"ஏங்க, முருங்கை அடுப்புக்கு ஆகாது. இந்த லைன்ல விறகடுப்பும் கிடையாது. எதுக்கு இத்தனை துண்டு?"

"அள்ளிப் போடச் சுலபமா இருக்கும்னுதான்."

அவள் தேய்ப்பதை நிறுத்தவில்லை.

"டேனியல் அண்ணன் இன்னொரு பேட்டரிக்குச் சொல்லிட்டாராம். ஞாயித்துக்கிழமை வந்துடுமாம்."

"மெதுவாத் தேயேன்" என்றேன். "வலிக்குது."