தண்டவாளத்தில் ஒரு ஜெர்க்

மத்தியானச் சாப்பாடு முடிந்து எல்லோரும் பாயில் உட்கார்ந்த பிறகும் டிராலிக்காரர் மட்டும் சுவரில் ஒரு கையை ஊன்றி நின்றுகொண்டிருந்தார். படம் என்றால் அவருக்கு நின்று பார்த்துத்தான் பழக்கம். படப்பிடிப்பில் கேமராவை ஏற்றிய தள்ளுவண்டியைத் தண்டவாளத்தின் மேல் தள்ளுவது அவருடைய பிழைப்பு. பிழைப்பு கொடுத்த முதுகுவலியும் முழங்கால் வலியும் ஆளை விட்டுப் போவதாக இல்லை. ஆனாலும் திரையில் கேமரா நகர்ந்தால் அவருடைய கால் தானாக ஒரு அடி எடுத்து வைக்கும். அதற்கு இடம் வேண்டாமா?

புது டிவி சுவரில் பாதியை அடைத்துக்கொண்டு தொங்கியது. மகள் வாங்கிக் கொடுத்தது. அவளுக்கு டிவி விற்கும் கடையில் வேலை. போன மாதம்வரை வருகிறவர்களுக்கு விலை சொல்லிக்கொண்டிருந்தவளை இந்த மாதம்தான் பெரிய டிவிகள் இருக்கும் பக்கத்துக்கு மாற்றியிருந்தார்கள். அந்தச் சந்தோஷத்தில் தன் வீட்டுக்கென்று ஒன்றைக் கொண்டுவந்து, ஆள் வைக்காமல் அவளே ஆணி அடித்து மாட்டி, கடையில் வைப்பது போலவே எல்லாவற்றையும் சரிசெய்து வைத்துவிட்டாள். முதலில் என்ன போடுவது என்ற பேச்சே எழவில்லை. அப்பா தள்ளின அந்தப் படம். எங்கேயோ தேடிப் பிடித்து வைத்திருந்தாள்.

அந்தப் படத்தில் ஒரு காட்சி உண்டு. வீட்டை விட்டுக் கிளம்பிய பெண் ஒருத்தி, கையில் பையோடு, நீளமான மதில் ஓரமாக வேகமாக நடந்து போவாள். கேமரா அவளுக்குப் பக்கத்திலேயே போகும். எடுத்த அன்றைக்கு டைரக்டர் சொன்னது ஒன்றுதான்: வண்டி போவதே தெரியக்கூடாது, வெண்ணெயில் கத்தி இறங்குவது போலப் போகவேண்டும். டிராலிக்காரரும் அப்படித்தான் தள்ளிக்கொண்டு போனார். பாதி வழியில் அந்த நடிகைக்குச் செருப்பு வார் அறுந்தது. அது கதையில் இல்லாத அறுப்பு. பிள்ளை நிஜமாகவே தடுக்கி முன்னால் சாய்ந்தாள். பிடிக்கவேண்டும் என்று அவருடைய உடம்பு பாய்ந்தது. கையோ வண்டிக் கம்பியில் இருந்தது. வண்டி ஒரு ஜெர்க் அடித்து, நின்று, மறுபடி போனது. கேமராமேன் அவருடைய ஏழு தலைமுறையையும் வரிசையாக விசாரித்தார். டைரக்டர் மட்டும் எடுத்ததை இரண்டு முறை போட்டுப் பார்த்துவிட்டு, இன்னொரு டேக் வேண்டாம், இதுவே இருக்கட்டும் என்றார்.

தியேட்டரில் அந்த இடம் வந்தபோது கூட்டம் மொத்தமும் "ஸ்ஸ்" என்று மூச்சை இழுத்தது. கடைசி வரிசையில் நின்று அதைக் கேட்டவர் டிராலிக்காரர். பெயர் போடும்போது தள்ளினவன் பெயரெல்லாம் வராது. போட்டிருந்தாலும் அன்றைக்கு அவருக்கு எழுத்து தெரியாது. பிறகு மகளுடைய முதல் வகுப்புப் புத்தகத்தில் அவளோடு சேர்ந்தே உட்கார்ந்து படித்துக்கொண்டார். ஆனால் அந்த ஜெர்க்கைச் சொல்ல எழுத்து எதற்கு, வாய் இருந்தது. தெரு முழுக்கச் சொல்லியாயிற்று. பால்காரனைக்கூட விட்டுவைக்கவில்லை என்பாள் அவர் மனைவி.

இன்றைக்கு அதைப் பார்ப்பதற்கென்றே எதிர்வீட்டுத் தையல்காரரும் வந்து தலையணையைச் சுவரில் சாய்த்து உட்கார்ந்திருந்தார்.

படம் ஆரம்பித்ததுமே டிராலிக்காரருக்கு என்னவோ போல இருந்தது. முகங்கள் பளிச்சென்று இருந்தன, குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த நடிகை, கதையில் வரும் பெண்ணாக இல்லை. டேக்குக்கு முன்னால் டீ வருமா என்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த பிள்ளையாகவே இருந்தாள். மதில், மதிலாக இல்லை. ஆசாரிகள் பலகையில் அடித்து வண்ணம் பூசிய தட்டியாக இருந்தது. எல்லாம் வழவழவென்று, பக்கத்து அறையில் நடப்பது போல ஓடிக்கொண்டிருந்தது. படம் பார்க்கிற மாதிரியே இல்லை, வேலைக்கு வந்த மாதிரி இருந்தது. லைட் ஸ்டாண்டு எங்கே என்று அவர் கண் ஓரமாகத் தேடியது.

காட்சி வந்தது. பெண் பையோடு நடந்தாள். அவர் முழங்கால் தானாக மடிந்தது, உள்ளங்கை சுவரை அழுத்தித் தள்ளியது. இதோ செருப்பு. இதோ தடுக்கல்.

ஜெர்க் வரவில்லை. எண்ணெய் கொட்டின தரையில் கால் போவது போல, லேசாக ஒரு வழுக்கல். அவ்வளவுதான். பெண் நிமிர்ந்து போயே போய்விட்டாள்.

தையல்காரர் திரும்பினார். "எங்கண்ணே உங்க ஜெர்க்கு? இத்தனை வருஷமா அளவு எடுத்தீங்க, துணியையே காணோமே?"

மனைவி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். மகளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அப்பாவின் முகத்தைப் பார்த்தவள் பாதியில் நிறுத்தினாள்.

"ஏம்ப்பா, படம் நல்லா இல்லியா?"

"ரொம்பத் தெளிவா இருக்கும்மா."

மகளுக்குச் சுருக்கென்றது. கடையில் நாள் முழுக்கக் கேட்கிற வாக்கியம் அது. ரொம்பத் தெளிவா இருக்கும்மா என்று சொன்னவர் யாரும் வாங்கினதாகச் சரித்திரம் இல்லை. வாசல் பக்கம் பார்த்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள்.

அவள் ரிமோட்டை அமுக்கிப் படத்தை நிறுத்தினாள். டிராலிக்காரருக்குத் தர்மசங்கடம். ஆசை ஆசையாகக் கொண்டுவந்து மாட்டின பிள்ளையிடம் உன் டிவியில் கோளாறு என்று எப்படிச் சொல்வது? இலையில் போட்ட சோற்றைத் தள்ளி வைப்பது போல அல்லவா ஆகிவிடும்? சொல்லாமல் விட்டாலோ, தையல்காரரின் சிரிப்பு இந்த வீட்டில் நிலைத்துவிடும். நாளைக்குப் பிள்ளையே, அப்பா சும்மா அளப்பார் என்று நினைத்துக்கொள்வாள். வாய்விட்டுச் சொல்லமாட்டாள். அதுதான் வம்பு. தன் கண்ணைப் பற்றி மட்டும் அவருக்குச் சந்தேகமே வரவில்லை. எத்தனையோ தண்டவாளத்தில் மயிரிழை மேடு பள்ளத்தைக் காலாலேயே கண்டுபிடித்தவர். அங்கே ஜெர்க் இருந்தது. யாரோ எடுத்திருக்கிறார்கள்.

"கோவிச்சுக்காதம்மா," என்றார். "இதுக்குள்ள எவனோ ஒருத்தன் இருந்துக்கிட்டு என் வண்டியைத் தள்ளுறான்."

தையல்காரர் மறுபடி சிரிக்க வாயெடுத்தார். மகள் சிரிக்கவில்லை. டிவியைப் பார்த்தபடியே மெதுவாகச் சொன்னாள், அப்படி ஒன்று இருக்கத்தான் செய்கிறது என்று. சினிமா என்பதே அடுத்தடுத்து எடுத்த நிழற்படங்கள்தானே, அதில் ஒவ்வொரு இரண்டுக்கும் நடுவில், எடுக்காத ஒரு படத்தை டிவியே கணக்குப் போட்டுச் சொருகிக்கொள்ளும். அதனால்தான் அந்த வழவழப்பு, ஜெர்க்கும் அதில் கரைந்துபோயிருக்கும்.

"யாரைக் கேட்டுச் சொருகுது?" என்றார் டிராலிக்காரர்.

கடையில் எல்லா டிவியிலும் அது போட்டேதான் இருக்கும். பந்து பறக்கும், பறவை பறக்கும், வருகிறவர்கள் வாய் பிளந்து நிற்பார்கள். அந்த வழவழப்பைக் காட்டித்தான் அவள் பேச ஆரம்பிப்பாள். ஒரு நாள்கூட அதை அணைத்துப் பார்த்ததில்லை. அணைக்கவேண்டும் என்று தோன்றியதும் இல்லை.

"அப்போ நான் காட்டி விக்கிறதெல்லாம் பொய்யாப்பா?"

குரல் கொஞ்சம் இறங்கித்தான் வந்தது. டிராலிக்காரர் சுவரிலிருந்து கையை எடுத்துவிட்டு அவள் பக்கத்தில், முழங்காலைத் திட்டிக்கொண்டே, பாயில் உட்கார்ந்தார். படம் ஓடும் இடத்தில் அவர் உட்கார்ந்து மனைவி பார்த்ததே இல்லை. என்னவோ ஆகிவிட்டது என்று அவள் தண்ணீர்ச் செம்பை எடுத்து அருகில் வைத்தாள்.

"பொய்யெல்லாம் இல்லம்மா. பந்து விளையாட்டுக்கு அவன் தள்ளட்டும், நல்லாத்தான் தள்ளுறான். என்னைவிட நல்லாவே தள்ளுறான். அந்த டைரக்டர் அன்னைக்கு கேட்ட வெண்ணெய் இவன்கிட்டதான் இருக்கு. ஆனா அந்தப் பொண்ணு தடுக்குனப்ப இவன் அங்க இல்லியே. நான்ல இருந்தேன்."

அந்த வழவழப்பை அணைத்துவிடுவதில் மனைவிக்குச் சம்மதம் இல்லை. அவளுக்கு இப்படித்தான் பிடித்திருந்தது. புடவைக் கரையின் வேலைப்பாடுகூடத் தெரிகிறதாம், முன்னே இருந்த டிவியில் ஆள் அசைந்தாலே தலை சுற்றுமாம். உங்கள் ஒரு ஜெர்க்குக்காக நான் தினமும் தலை சுற்றிக் கிடக்க முடியாது என்று தீர்மானமாகச் சொல்லிவிட்டாள். அதிலும் நியாயம் இருந்தது. உன் சீரியலுக்கு அவனையே தள்ளச் சொல் என்று டிராலிக்காரர் ஒத்துக்கொண்டார். தையல்காரர் நடுவராக இருந்து, அதுதான் முறை என்றார்.

மகள் ரிமோட்டைத் தானே அமுக்கப்போனாள். பிறகு என்ன நினைத்தாளோ, அப்பாவின் கையில் வைத்தாள்.

"நீங்களே படிச்சு அணைங்க. எழுத்தெல்லாம் தமிழ்லதான் வச்சிருக்கேன்."

அவர் வாய்க்குள் எழுத்துக் கூட்டினார். படம். ஒலி. படத்துக்குள் போனால் வெளிச்சம், நிறம், இன்னும் என்னென்னவோ. ஒருமுறை தவறி ஒலிக்குள் போய்விட்டார், தையல்காரர் காதைப் பொத்திக்கொண்டார். கடைசியில் கிடைத்தது. 'அசைவு மென்மை.' அதன் எதிரே 'அதிகம்' என்றிருந்தது. அமுக்கினார். நடுத்தரம். அமுக்கினார். குறைவு. அடுத்த சொல்லில் அவருடைய கட்டைவிரல் நின்றது. இல்லை.

மகள் படத்தைப் பின்னால் கொண்டுபோனாள். இந்த முறை அவள் உட்காரவில்லை. அப்பா நிற்கிற இடத்தில், அதே சுவரில் சாய்ந்து நின்றாள். மதில் மறுபடி மதிலாகியிருந்தது. அந்தி வெளிச்சத்தில் படம் லேசாகச் சிமிட்ட, பையோடு அந்தப் பெண் நடந்து வந்தாள். எங்கே போகிறாள், யார் இருக்கிறார்கள் அவளுக்கு என்று பார்க்கிறவர்களுக்குக் கேட்கவேண்டும் போல இருந்தது.

டிராலிக்காரர் திரையைப் பார்க்கவில்லை. அது எப்போது வரும் என்று அவருடைய தோளுக்குத் தெரியும். அவர் மகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வார் அறுந்தது. திரை குலுங்கியது.

மகளின் வலது கால் சுவரை விட்டுப் பாய்க்கு வந்திருந்தது. கை அரைவாசி நீண்டு, காற்றில் எதையோ பிடிக்கப்போய் நின்றிருந்தது. திரையில் அந்தப் பெண் நிமிர்ந்து, ஒற்றைச் செருப்போடு மதில் முடியும் இடம் வரைக்கும் நடந்து போனாள். அவள் போன பிறகும் மகளின் கால் பின்னால் போகவில்லை.