முழங்கைக்கும் மேற்பார்வை

மேஸ்திரிக்கு முழங்கை வலி வந்ததும் முதலில் சிமெண்டைக் குறை சொன்னார். பிறகு பூசும் கரணையை. அப்புறம் பெண்டாட்டி துவைத்த சட்டையை. துவைத்ததில் சட்டைக் கை சுருங்கி இறுக்கமாம். எந்த வேலையானாலும் ஆளை ஏவிவிட்டுப் பக்கத்தில் நிற்கும் மனுஷன், தலைக்குமேலே பூசும் மேல்தளப் பூச்சை மட்டும் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டார். அந்தக் கை பழுதாகும் என்று நம்ப அவருக்கு மனசு வரவில்லை.

காண்ட்ராக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். புதுக் கட்டடத்தில் ஒரு வருடத்துக்குப் பூச்சு வேலை இருக்கிறது. மூன்று மாதம் கழித்து வந்து, அவர் கண்ணெதிரே ஓர் அறையின் மேல்தளத்தைப் பூசிக் காட்ட வேண்டும். கை தாங்கினால் வேலை. இல்லாவிட்டால் வேறு ஆள்.

இதைக் கேட்டு மேஸ்திரியைவிட அதிகம் பயந்தது அவர் மனைவிதான். வீட்டில் உட்கார்ந்த ஒரு வாரத்திலேயே அவர் அடுக்களையை மேற்பார்வை பார்க்க ஆரம்பித்திருந்தார். அவள் வெங்காயம் வெட்டும் கோணம் சரியில்லையாம். ஒரு வருடம் இப்படியே போனால் இரண்டு பேரில் ஒருவர் உயிரோடு இருக்க மாட்டார் என்று அவளுக்குத் தோன்றியது. அவளே அவரைப் பிசியோதெரபி அம்மாவிடம் இழுத்துக்கொண்டு போனாள்.

“சதையை எலும்போட சேர்க்கிற நாண்ல கோளாறு,” என்றாள் அந்த அம்மா. “சதை சீக்கிரம் தேறிடும். நாண் மெத்தனம், மாசக்கணக்காகும். சும்மாவே வச்சிருந்தா பலம் போயிடும். ஒரேயடியா வேலை வாங்கினா முறைச்சுக்கும்.”

ஒரு பாட்டிலில் மணல். அதைப் பிடித்த முன்கை மேசைமேல், உள்ளங்கை கீழே பார்க்க, மணிக்கட்டு விளிம்புக்கு வெளியே. நாலு எண்ணித் தூக்கி, நாலு எண்ணி இறக்க வேண்டும். பதினைந்து தடவை, மூன்று சுற்று, ஒருநாள் விட்டு ஒருநாள். கொஞ்சம் வலித்தால் பரவாயில்லை. மறுநாள் காலையில் வலி கூடியிருந்தால் மணலைக் குறைக்க வேண்டும்.

“மூணு மாசமா? அதுக்குள்ள நான் ஒரு மாடியே எழுப்பிடுவேன்.”

“காங்கிரீட் போட்ட மறுநாளே அடியில முட்டுக் கொடுத்த பலகையைப் பிரிப்பீங்களா?”

மேஸ்திரி பாட்டிலை வாங்கிக்கொண்டு எழுந்தார்.

அன்று மாலை வீட்டில் நாற்காலியில் சாய்ந்து, மனைவியிடம், “இந்தா, நீ செஞ்சு காட்டு. முறை சரியா வருதான்னு பார்க்கணும்,” என்றார். அவள் செய்தாள். “இறக்கும்போது என்ன அவசரம்? எண்ணு.” எண்ணினாள். நாற்பத்தைந்தும் முடிந்த பிறகு பாட்டிலை வாங்கி நாலு தடவை தூக்கினார். “எனக்குப் புரிஞ்சுபோச்சு,” என்று வைத்துவிட்டார்.

ஒருநாள் விட்டு ஒருநாள் இதே கூத்துதான். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை “மணலைக் கூட்டு” என்று உத்தரவு வேறு. அவளுக்கும் அதே முழங்கையில் வலி உண்டு. அவரிடமே சித்தாளாகப் பத்து வருடம் சாந்துச்சட்டி சுமந்து வாங்கிய வலி. ஒரு நாய்கூட அதை விசாரித்ததில்லை. இரண்டாம் மாதக் கடைசியில் ஈரப் போர்வையைப் பிழிந்தபோது வலிக்கவில்லை. அவள் யாரிடமும் சொல்லவில்லை.

பரீட்சைக்கு ஒரு மாதம் இருக்கையில் மேஸ்திரிக்கு ரோஷம் வந்து, ஒரே மூச்சில் இருநூறு தடவை தூக்கினார். செய்யச் செய்யச் சூடேறி வலியே தெரியவில்லை. “பார்த்தியா?” என்றார். மறுநாள் காலையில் காபி டம்ளரைத் தூக்க முடியவில்லை. உள்ளதும் போச்சு. மிச்ச நாளெல்லாம் தைலமும் தலையணையும்தான்.

பரீட்சை நாளில் சாந்து குழைக்க அவளே போனாள். சாரத்தில் ஏறிய மேஸ்திரி கால்வாசி மேல்தளத்தைக் கண்ணாடி மாதிரி பூசினார். அதற்குமேல் கை தாங்கவில்லை. கரணை நழுவித் தரையில் விழுந்தது. காண்ட்ராக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

“சாந்து காயுதுங்க,” என்றாள் அவள். கரணையை எடுத்துக்கொண்டு மேலே ஏறினாள். அவளுக்கு இது புதிதல்ல. வீட்டு அடுக்களையின் மேல்தளம், அவர் வெளியூர் போயிருந்த மாதத்தில் அவள் பூசியது. வருகிறவர்களிடமெல்லாம் தன் கைவேலை என்றுதான் அவர் காட்டிக்கொண்டிருந்தார்.

“மெதுவா. அவசரப்படாதே,” என்றார் கீழே இறங்கிய மேஸ்திரி.

“எண்ணத் தெரியும்.”

முடித்ததும் காண்ட்ராக்டர் மட்டப்பலகை வைத்துப் பார்த்தார். “நாளைக்கு எட்டு மணிக்கு வந்துடுங்கம்மா.”

“அப்ப நான்?” என்றார் மேஸ்திரி.

“கை தேறட்டும், பார்க்கலாம். மேற்பார்வைக்கு என்கிட்ட ஆள் இருக்கு.”

மாலையில் அவள் பாட்டிலில் பாதி மணலைக் கொட்டிவிட்டு, அதை அவர் முன்னால் வைத்தாள். நாற்காலியில் தான் உட்கார்ந்தாள்.

“ஒரே ஒரு தடவை நீ செஞ்சு காட்டு...”

“எனக்குப் புரிஞ்சுபோச்சு,” என்றாள். “நீங்க தூக்குங்க. முடிச்சிட்டு வெங்காயமும் நீங்கதான் வெட்டணும்.”