மீட்டு கொள்ளலாம்

மார்ச் மாதம் பதினேழாம் நாள், செவ்வாய்க்கிழமை. மூத்தவருடைய குறை இதுதான்: திரையில் 'உங்கள் கோப்பை மீட்டு கொள்ளலாம்' என்று வந்தது, நடுவில் 'க்' இல்லை. வன்தொடர்க் குற்றியலுகரத்துக்குப் பின் வல்லினம் மிகும் என்று அறியாத ஒருவன் எழுதிய அறிவிப்பை அச்சகங்களெல்லாம் கைகூப்பாத குறையாகப் பார்த்துக்கொண்டிருந்தன.

அந்த ஒருவன் வேறு யாருமல்லன், அவருடைய சகலை. அக்காளை இவர் மணந்தார், தங்கையை அவன் மணந்தான். புத்தகப் பக்கங்களை அமைக்கும் மென்பொருள் ஒன்றை இருவரும் சேர்ந்து அச்சகங்களுக்கு விற்றுவந்தார்கள். எழுத்தை அடுக்குவது, பத்தியின் ஓரத்தைச் சீராக்குவது, பக்கத்தைப் பிரிப்பது என்று அதன் எலும்பும் நரம்பும் மூத்தவர் ஆக்கியவை. இளையவன் சென்ற ஆண்டு வந்து சேர்த்தது ஒன்றே ஒன்று. யாரும் கேட்காமலேயே அது வேலையை அவ்வப்போது தனி நகலாகச் சேமிக்கும். ஒழுங்காக மூடினால் நகல் தானே அழிந்துவிடும். மென்பொருள் நடுவில் செயலிழந்து விழுந்தால் நகல் எஞ்சும். மறுபடி திறக்கும்போது 'க்' இல்லாத அந்த அறிவிப்பு வரும். விழுவது இவர் எழுதிய பகுதி, எழுப்புவது அவன் எழுதிய பகுதி. வயிற்றெரிச்சலின் வேர் அங்கேதான் இருந்தது.

காலையில் அச்சகக்காரர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். முன்பெல்லாம் 'நீங்கதான் கதி' என்று தொடங்குபவர்.

"தம்பி இருக்காரா சார்?"

"நான் இருக்கேன். என்ன விஷயம்?"

"பக்கத்தோட கடைசி வரியை அழிச்சா பொட்டுனு விழுந்துடுது. ஆனா தம்பி புண்ணியத்துல எதுவும் தொலையல. நாங்க அவருக்கு டாக்டர்னே பேர் வச்சுட்டோம்."

"கடைசி வரியை எதுக்கு அழிக்கிறீங்க?"

"தப்பு அங்கயும் வருமே சார்."

அந்தக் கோளாறு மூத்தவருக்குப் பழக்கமானதுதான். நாளை பார்க்கலாம் என்று பல ஆண்டுகளாகத் தள்ளிவந்தார்.

மதியம் சோறு பரிமாறியபடி மனைவி சொன்னாள்: "தங்கச்சி வீட்டுக்காரர் வந்தப்புறம் உங்களுக்குக் கண்ட நேரத்துல போன் வர்றதில்ல. நிம்மதியா தூங்குறீங்க."

"நான் தூங்குறேன்னு யார் சொன்னது?"

"உங்க குறட்டைதான்."

அவர் சிரிக்கவில்லை. அவருக்கு வேண்டியிருந்ததே அந்த அழைப்புகள்தாம். மறுமுனையில் பதறும் குரல், 'பதறாதீங்க, நான் பாத்துக்கறேன்' என்று தாம் சொல்லும் நொடி, அதன்பின் அங்கே எழும் பெருமூச்சு. பெருமூச்சு இப்போதும் எழுகிறது. இவர் காதில்தான் விழுவதில்லை.

பிற்பகலில், புதிய பதிப்புக்கான கையேட்டை அதே மென்பொருளில் திறந்தார். மனைவியின் நச்சரிப்புக்காக, முன்னுரையின் இறுதியில் ஒரு வரி எழுதியிருந்தார்: 'தானே சேமித்து, விழுந்தால் மீட்கும் வசதி முழுவதும் என் சகலையின் உழைப்பு.'

இளையவன் கதவைத் தள்ளிக்கொண்டு எட்டிப்பார்த்தான்.

"அண்ணே, என்னைப் பத்தி ஒரு வரி எழுதியிருக்கீங்கன்னு அண்ணி சொன்னாங்க. அச்சானதும் எனக்கு ஒண்ணு குடுங்க. நான் என்ன வேலை பாக்கறேன்னு எங்கப்பாவுக்கு இன்னும் புரியல. உங்க வார்த்தைன்னா நம்புவாரு."

"அறிவிப்புல ஒரு 'க்' விட்டிருக்க."

"நீங்களே போட்டுடுங்கண்ணே. உங்களை விட்டா யாரு?"

கதவு மூடியது. டாக்டர் என்ற பட்டம் போதாதென்று தம் வாயாலேயே சான்றிதழும் வேண்டுமாம். மூத்தவர் அந்த வரியைத் தேர்ந்தெடுத்து அழித்தார்.

மென்பொருள் பொட்டென்று விழுந்தது. திறந்தார். மீட்டு கொள்ளலாம் என்றது. மீட்டார். சகலையின் உழைப்பு, புள்ளி முதல் புள்ளி வரை, அதே இடத்தில் நின்றது. மறுபடியும் அழித்தார், மறுபடியும் விழுந்தது, மறுபடியும் வந்தது. அதன்பிறகே அவருக்கு உறைத்தது: பக்கத்தின் கடைசி வரி அது.

அவருடைய கோளாறே அவனுடைய பெயருக்குக் காவல் நின்றது. காவலை விலக்க ஒரே குறுக்குவழி, அதன்கீழே வேறொரு வரியை எழுதிவைப்பது. அப்போது அது கடைசி வரியாக இராது; அழித்தாலும் விழாது. ஆனால் புதிதாக எழுதும் வரி கடைசி வரியாகி அங்கேயே நின்றுவிடும். சுட்டியை அங்கே கொண்டுபோய் வைத்தார். வெற்றிடத்தில் அது கண்சிமிட்டிக்கொண்டிருந்தது. பக்கத்து அறையில் இளையவன் யாரிடமோ, "பதறாதீங்க, நான் பாத்துக்கறேன்" என்று சொல்வது கேட்டது.

வாசகரே, அவர் அங்கே எழுத வேண்டிய அந்த வரியை நீங்கள் சொல்லுங்கள். ஒற்றுப் பிழையில்லாமல் சொல்லுங்கள்.