சேற்றுக்குக் காவல்

வெள்ளம் வடிந்த காலையில் தையல்காரம்மா தன் வீட்டுச் சேற்றில் உட்கார்ந்து, தையல் மெஷின் சக்கரத்தைத் தள்ளிப் பார்த்தாள். கறகறவென்று முனகிக்கொண்டே அரைச் சுற்று வந்தது. "உசுரு இருக்குங்க!" என்று கத்தினாள். புருஷன் வாட்ச்மேனாக இருந்த கிடங்கு வெள்ளத்தோடு மூடிவிட்டது. மூன்று பிள்ளைகளின் சாப்பாடு இனி அந்தச் சக்கரத்தில்தான்.

பக்கத்துத் தெரு மெக்கானிக் தானாகவே வந்தார். "அக்கா, இன்னைக்கே கழட்டி மண்ணெண்ணெயில அலசி எண்ணெய் விட்டா பொழைச்சுக்கும். லேட் பண்ணீங்கன்னா என்னைக் கூப்பிடாதீங்க, பழைய இரும்புக்காரனைக் கூப்பிடுங்க."

திருப்புளியை வைக்கப்போன நேரத்தில் வாட்ச்மேன் ஓடிவந்தார். ஒலிபெருக்கி கட்டிய வண்டி தெருவில் போயிருந்தது. சேதமான பொருளை அதிகாரி பார்க்கும்வரை யாரும் கழுவவோ, பழுது பார்க்கவோ கூடாதாம். மீறினால் நிவாரணம் கிடையாதாம். மனுஷர் அந்த அறிவிப்பை விறைப்பாக நின்றல்லவா கேட்டார்!

"தொடாதே! புது மெஷினே குடுக்கறாங்களாம். கையை வச்சுக் கெடுத்துடாதே."

"கெட்டதை இன்னும் எப்படிங்க கெடுக்கறது?" என்றாள் அவள்.

மெக்கானிக் தலையில் அடித்துக்கொண்டு போனார். வாட்ச்மேன் கால் உடைந்த நாற்காலியை மெஷின் அருகில் போட்டுக் காவலுக்கு உட்கார்ந்தார். சேற்றுக்குக் காவல் போட்ட வீடு உலகத்திலேயே அது ஒன்றுதான் என்று தெருவே சிரித்தது. சிரித்தவர்கள் வீட்டுச் சேறும் அப்படியேதான் கிடந்தது என்பது வேறு விஷயம். எதிர்வீட்டு மாவு மில்காரர்கூட மோட்டாரைத் தொடவில்லை.

தினமும் வாட்ச்மேன் தாலுக்கா ஆபீசுக்குப் போய், "அதிகாரி நாளைக்கு வருவாராம்" என்ற பதிலோடு திரும்பினார். ஆறாம் நாள் சக்கரம் கால் சுற்றுக்கு இறங்கியது. பத்தாம் நாள் அசையவில்லை. அதற்குப் பிறகு அவள் தள்ளிப் பார்ப்பதை விட்டுவிட்டாள். கிழிந்த துணிகளைக் கையால் தைத்துக் கொடுத்தாள். பிள்ளைகளுக்கு ஒருவேளைச் சாப்பாடு கிடைத்தது.

இருபத்திரண்டாம் நாள் அதிகாரி வந்தார், மூக்கில் கைக்குட்டையோடு. பேனாவால் மெஷினைத் தட்டினார்.

"இது வெள்ளச் சேதம் இல்லையே, துரு. ஏம்மா, பொழப்புக்கு வச்சிருக்கற பொருளைத் தொடச்சு ஒரு சொட்டு எண்ணெய் விட்டிருக்கக் கூடாதா?"

அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டவர்கள் அதற்கு அவள் அழுதிருந்தாலே தேவலை என்று நினைத்தார்கள்.

"பராமரிப்பின்மை" என்று எழுதிவிட்டு, "நான் வந்து பார்த்ததுக்கு ஒரு கையெழுத்துப் போடுங்க" என்று அதிகாரி நோட்டை நீட்டினார். நீட்டிய நோட்டில் எல்லாம் கையெழுத்துப் போட்டே பழகியவர் வாட்ச்மேன். அன்று கையை நீட்டவில்லை.

"வெள்ளம் வடிஞ்ச அன்னைக்கு இந்தச் சக்கரம் சுத்துச்சு சார். தொடாதேன்னு சொன்னது நீங்க. காவல் இருந்து கொன்னது நான்."

"ரூல்ஸ்ங்க. பொய்க் கணக்குக் காட்டறவங்க இருக்காங்களே."

"பொய்க்காரனைப் பிடிக்கப் போட்ட ரூல்ஸ்ல என் பொண்டாட்டி மாட்டிக்கிட்டா சார். உதவின்னா காப்பாத்த முடியற நேரத்துல வரணும். எல்லாம் போனப்புறம் வந்து எழுதிக்கிட்டுப் போறது உதவியா?" எதிர்வீட்டைப் பார்த்துக் கத்தினார்: "அண்ணே, போட்டோ எடுத்து வச்சுட்டு மோட்டாரைக் கழட்டுங்க. எவனுக்காகவும் எதையும் அழுக விடாதீங்க!"

மில்காரர் ஸ்பானரோடு உள்ளே ஓடினார்.

மறுநாள் தையல்காரம்மா பழைய இரும்புக்காரனுக்குச் சொல்லி அனுப்பினாள். அந்த இருபத்து மூன்று நாளில், சொன்ன அன்றே வந்து நின்றவன் அவன் ஒருவன்தான்.