சோத்தாங்கை

வட்டகொடைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், ஹம்சிகா அவள் அம்மா நாகலெட்சுமி ஊட்டினால்தான் சாப்பிடுவாள் என்று. என் மகளுக்கு அஞ்சு வயசு. நான் மலையிலிருந்து வந்து, கையைக் கழுவி, சோற்றைப் பிசைந்து உருட்டினால் போதும், விளையாட்டை விட்டுவிட்டு ஓடி வருவாள். அதில் எனக்குப் பெருமை கொஞ்சம் அதிகம்தான். இருந்துவிட்டுப் போகட்டும்.

போன மாசம் வலது கை நடுவிரல் நுனி சிவந்து வீங்கியது. கொழுந்து பறிக்கிற விரலுக்கு நகச்சுத்து வராமல் இருந்தால்தான் அதிசயம். எல்லோரும் செய்கிற மாதிரி எலுமிச்சம்பழத்தைக் குடைந்து விரலில் மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனேன். பழம் மாற்றினதுதான் மிச்சம், வீக்கம் வற்றவில்லை. கூடவே இருமல். அதை யார் கண்டுகொண்டது? இந்தக் குளிரில் லயமே இருமிக்கொண்டுதான் கிடக்கிறது.

விரலை மடக்க முடியாமல் போனதும், என் கொழுந்தன் பெண்சாதி சுலக்ஷனா தட்டை வாங்கிக்கொண்டாள். பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கிறவள். பிள்ளை இல்லாதவள்.

"நீங்க ஒக்காருங்கக்கா. நான் ஊட்டுறேன்."

முதல் நாள் ஹம்சிகா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. அப்புறம் சித்தி கதை சொல்லிச் சொல்லி ஊட்ட, இவள் வாயைப் பிளந்துகொண்டு தின்றாள். தட்டைத் துடைத்துத் தின்றாள்! எனக்குப் பொறுக்கவில்லை. சோறு குழைந்துவிட்டது, காரம் கூடிவிட்டது என்று எதையாவது சொல்லிக் கரித்துக்கொட்டினேன். அவள் மறுநாள் காரத்தைக் குறைத்துக்கொண்டு வந்தாள். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

கண்டி ஆஸ்பத்திரியில் விரலைப் படம் பிடித்தவர்கள், உடனே நெஞ்சையும் படம் பிடித்து, சதை எடுத்துச் சோதித்தார்கள். நேற்று முடிவு சொன்னார்கள். நுரையீரலில் புற்றுநோயாம். அங்கேயிருந்துதான் விரல் எலும்புக்குப் பரவியிருக்கிறதாம். விரலை எடுத்தால் வலி குறையும், நெஞ்சில் இருப்பதை முழுசாகக் குணப்படுத்த ஏலாது என்று டொக்டரம்மா தமிழிலேயே மெதுவாகச் சொன்னார். பஸ்ஸில் என் வீட்டுக்காரர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். எனக்கு அழுகை வரவில்லை. இனி அந்தத் தட்டு சுலக்ஷனாவுக்கேதான் என்பது மட்டும்தான் மனசில் ஓடியது.

வீட்டுக்குள் நுழைந்தபோது சுலக்ஷனா சோறு பிசைந்துகொண்டிருந்தாள். ஹம்சிகா அவள் மடியில்.

"தட்டைக் குடு" என்றேன்.

"கை வலிக்குமேக்கா."

"இந்தக் கை வலிக்கல."

நான் நீட்டியது இடது கை. அவள் திடுக்கிட்டாள். "பீச்சாங்கையாலயா? பிள்ளைக்கா?"

"ஆமா. எனக்குப் பொறகு காலம்பூரா நீதான ஊட்டப் போற? நான் இருக்கிற வரைக்கும் எனக்கு விடு."

என் வீட்டுக்காரரின் முகத்தைப் பார்த்ததும் அவளுக்கு விளங்கிவிட்டது. கண்ணீரோடு தட்டை என் முன்னால் வைத்தாள்.

இடது கைக்குப் பிசையத் தெரியவில்லை. உருண்டை உதிர்ந்து உதிர்ந்து விழுந்தது. ஒருவழியாகச் சேர்த்துப் பிடித்து மகளின் வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனேன்.

ஹம்சிகா அந்தக் கையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு திரும்பிச் சித்தியைப் பார்த்தாள்.

சுலக்ஷனா தலையாட்டினாள். அதற்கப்புறம்தான் என் பிள்ளை வாயைத் திறந்தாள்.