வாசனை அட்டை

முப்பது வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக உழைத்தவரை அந்தக் குடியிருப்பில் எல்லோரும் லிஃப்ட்காரர் என்றே அழைத்தார்கள். ஓய்வு பெற்ற மறுநாளே அவர் சமையலறையைத் தம் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். மனைவி தபால் அலுவலகத்தில் வேலை பார்ப்பவள். "இனிமே என் கையால சுடச்சுடச் சாப்பாடு" என்று அவளுக்கு வாக்குக் கொடுத்தவர், ஒரு நாளும் தவறவில்லை.

குடியிருப்பில் ஏழு வீடுகளுக்குப் பைப் கேஸ் வந்துவிட்டது. இவர் வீட்டில் மட்டும் இன்னும் சிலிண்டர்தான்.

"சிலிண்டர்னா வேலை முடிஞ்சதும் என் கையால மூடிடுவேன். குழாயில வர்றதை யார் மூடுறது?" என்று, காரணம் கேட்பவர்களிடம் சொல்லி வந்தார்.

உண்மைக் காரணம் வேறு. போன வருடம் வந்த காய்ச்சலோடு அவருக்கு மோப்ப உணர்வு போய்விட்டது. வெங்காயம் கரிந்தாலும் தெரியாது. கேஸ் கசிந்தாலும் தெரியாது. அதனால்தான் ரெகுலேட்டரை மூன்று முறை திருகிப் பார்ப்பார். வெளியே சொன்னால் மனைவியும் மகளும் அடுப்புப் பக்கமே விடமாட்டார்களே! கரண்டி பிடிக்காத கையோடு நாற்காலியில் உட்கார்ந்திருப்பதை நினைத்தாலே அவருக்குப் பகீரென்றது.

போதாக்குறைக்கு, தினமும் காலையில் அவர் அடுப்பைப் பற்றவைக்கப் போகும்போது மனைவி முந்திக்கொண்டு வந்து நிற்பாள்.

"எனக்கு மாமியார் கொடுமை இல்லாத குறையை நீதான் தீர்த்து வைக்கிறே. சோதனை முடிஞ்சுதா?" என்பார் அவர்.

"முடிஞ்சுது. சமைங்க."

ஒரு சனிக்கிழமை, பைப் பொருத்தும் ஃபிட்டர் வந்தாள். பெரிய பையும் அதைவிடப் பெரிய சிரிப்புமாக இருந்தாள்.

"ஐயா, இன்னிக்கு விட்டா நான் திரும்பி வர ஆறு மாசம் ஆகும். இதோ பாருங்க, மஞ்சள் கைப்பிடி. குறுக்கே திருப்பினா மூடிக்கும். நீங்களே மூடலாம்."

லிஃப்ட்காரர் திருப்பிப் பார்த்தார். கைக்கு அடக்கமாகத்தான் இருந்தது. மறுக்க வேறு காரணம் அகப்படாமல் கையெழுத்துப் போட்டார்.

ஃபிட்டர் குழாயை இணைத்து, அடுப்பில் கேஸ் வரும் நாசில்களை மாற்றி, நீலச் சுடர் எரியவிட்டுக் காட்டினாள். பிறகு ஒரு சின்ன வாசனை அட்டையை நகத்தால் சுரண்டி நீட்டினாள்.

"கசிஞ்சா எப்படி இருக்கும்னு எல்லார் வீட்லயும் காட்டிடணும். மோந்து பாருங்க. எப்படி இருக்கு?"

அவர் மூச்சை இழுத்து மோந்தார். ஒன்றுமே இல்லை. ஃபிட்டரின் முகத்தைப் பார்த்தார். பழகிப்போனவள், முகம் சுளிக்கவில்லை.

"ஆகா, சந்தனம்!"

அந்த அழுகல் முட்டை நாற்றம் கூடம் வரை போயிருந்தது. மனைவி உள்ளே வந்து அட்டையை வாங்கி மோந்தாள். கண்ணில் நீர் முட்டியது.

"சந்தனமேதான்" என்றாள்.

ஃபிட்டர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். சிரித்திருக்கலாம், சிரிக்கவில்லை. பையிலிருந்து ஒரு வெள்ளைப் பெட்டியை எடுத்து, ஸ்டூலில் ஏறி, கூரையை ஒட்டிப் பொருத்தினாள்.

"சிலிண்டர் கேஸ் கனம், தரையில தேங்கும். இது லேசு, மேல ஏறும். அதனால கசிஞ்சா கத்துற இந்த அலாரம் மேலதான் இருக்கணும். ஜன்னலோட மேல் கதவு திறந்தே இருக்கட்டும். சந்தனம் மணக்கிற வீட்டுக்கு இது அவசியம் ஐயா."

அவள் போனதும் அவர் மெல்லக் கேட்டார். "உனக்கு எப்பத் தெரியும்?"

"காய்ச்சல் விட்ட மூணாம் நாளே. கரிக்கட்டையா வெங்காயத்தைப் போட்டுட்டு, மணம் பிரமாதம்னீங்களே!"

"அப்போ தினம் காலைல வந்து நின்னது?"

"உங்க சமையலைச் சோதிக்கவா? அதைச் சாப்பிடறதே பெரிய சோதனைங்க. பத்தவைக்கிறதுக்கு முன்னாடி மோந்து பார்க்கத்தான் வந்தேன்."

"சொல்லியிருக்கலாமே."

"சொன்னா கரண்டியைக் கீழே வச்சிருப்பீங்க."

ஒருவருடைய குறையை அறிந்தும் சொல்லிக் காட்டாமல், அவர் பக்கத்தில் காவல் நிற்பது கடவுளுக்குப் பிடித்த வழிபாடாகத்தான் இருக்க வேண்டும். அதற்கு மணியும் வேண்டாம், விளக்கும் வேண்டாம்.

அன்று மாலை அவரே துணிந்து மகளைத் தொலைபேசியில் அழைத்து உண்மையைச் சொன்னார்.

"அம்மா போன வருஷமே சொல்லிட்டாங்கப்பா" என்றாள் மகள். "நான் வந்தா எனக்குப் பருப்பு வச்சுக் கொடுங்க. கரியாம!"

மறுநாள் காலை அவர் அடுப்பருகே போனபோது, மனைவி வழக்கம்போல் முந்திக்கொண்டு வந்து நின்றாள்.

"மேலே அலாரம் இருக்கே, இனி நீ எதுக்கு?"

"அது டீ குடிக்குமா?" என்றாள் அவள். "ரெண்டு டம்ளர் போடுங்க."